உவர் தணித்தல்

கடல் மீனுக்குக் கடல் நீரே உயிர் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. அம்மீன் நோயுற்ற காலத்து, அது வாழும் நீரிலுள்ள உப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கிவிடுவதே அந்நோய்க்கு மருந்து என்று ஒருவர் கூறின், கேட்போர் திகைப்பர். இவ்வாண்டு லெந்து நாட்களிற் தொடங்கி 44 நாட்கள் நம் விலங்கியற் கூடத்தின் பின்கட்டில் அத்தகைய மருத்துவம் ஒன்று நடைபெற்றது. அதன்கண் யானும் ஒரு சிறு பணி ஏற்றிருந்தேனாதலின், கண்டவற்றையும் ஆசிரியர்பாற் கேட்டறிந்தவற்றையும் நம் மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதத் துணிந்தேன்.

தமிழ் வகுப்பு மாணவனுக்கு மீன் தொட்டியின்பால் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை எளிது. என் ஊர் தூத்துக்குடி. என் தந்தையார் அங்கு உப்பளம் ஒன்றிற் கணக்கெழுதுபவர். விடுதியில் என் அறையிலேயே உறையும் விலங்கியல் வகுப்பு நண்பர் இதனை நன்கு அறிவார். "உப்பின் அளவை நாள்தோறும் இருமுறை பார்க்க வேண்டும். உப்பளத்தான் மகனைவிட அதற்குத் தக்கவன் யார்? நீ வா" என்று அவர் அழைத்தார். உப்பை ஏற்றுவதே எங்கள் ஊரார் தொழில். உப்பை இறக்குவதை அங்கு ஒருவரும் தொழிலாகக் கொண்டதில்லை. அப்புதுமையைக் காணும் ஆவலே என்னை இழுத்தது என்பதும் உண்மை.

நம் கூடத்தின் தாழ்வாரத்திலுள்ள பெரிய கடல்நீர்த் தொட்டியை அறியாத மாணவர் இலர். முன்னாண்டில் அதன்கண் இருந்த 12 மீன்களும் பத்தே நாளில் மாண்டன. வணிகர் ஒருவர் கொணர்ந்த புதிய மீன் ஒன்று நேரே அத்தொட்டியில் விடப்பட்டமையே அதற்குக் காரணம். அம்மீன் தன்னோடு நோயையும் கொணர்ந்திருந்தது. அதன் பின்னர்த் தொட்டி பல மாதங்கள் மீனின்றி, நத்தைகளும் பாசியுமே குடியிருக்கக் கிடந்தது. புதிய மீன் எதுவாயினும் ஆறு வாரங்களேனும் வேறொரு தொட்டியில் ஒதுக்கி வைக்கப்பட்ட பின்னரே பெருந்தொட்டியிற் சேரலாம் என்னும் விதியும் அப்போது பிறந்தது.

இங்ஙனம் ஒதுக்கி வைப்பதைக் குவாரண்டைன் என்பர். இத்தாலிய மொழியில் நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது அது. 1377-ஆம் ஆண்டில் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் 30 நாட்கள் புறத்தே தங்கியே நகர் புகவேண்டும் எனச் சட்டமியற்றினர். பின்னர் அம்முப்பது நாற்பதாயிற்று. தமிழர்க்கும் இச்சொல் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற நம் முன்னோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, நோயில்லையெனக் கண்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். என் தந்தையாரின் பாட்டனார் அவ்வழிச் சென்றவர். 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை அம்மண்டபம் முகாமையே தன் தலைமையிடமாகக் கொண்டிருந்தது; இன்றும் அதன் மண்டல நிலையம் ஒன்று அங்கு உளது. மனிதரை ஒதுக்கி வைத்த இடத்திலேயே மீன்களை ஆராயும் நிலையம் எழுந்தது எண்ணத்தக்கது. ஆயினும் மீனை ஒதுக்குதற்கும் அக்கூலிகளை ஒதுக்கியதற்கும் உள்ள வேற்றுமையை யான் மறக்கவில்லை. மீனை ஒதுக்குவது அம்மீனின் நலத்தையும் நாடியது.

இனி நம் தொட்டிக்கு வருவோம். அது 100 லிட்டர் கொள்ளும் வெறுந்தொட்டி. மணலில்லை, கல்லில்லை, மீன்கள் மறைந்திருப்பதற்குப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் சிலவும், காற்றுக் குமிழி விடும் குழலும், நீரைத் தூய்மை செய்யும் பஞ்சு ஒன்றுமே அதிலிருந்தன. மன்னார் வளைகுடாவிற் பிடிக்கப்பெற்ற ஏழு மீன்கள் அதில் விடப்பட்டன. கோமாளி மீன் இரண்டு, பிறைபோன்ற வாலையுடைய மீன் ஒன்று, வண்ணாத்தி மீன் ஒன்று, மூன்று புள்ளி மீன் மூன்று. இறுதியிற் சொன்ன மீன் கரிய உடலினது. நெற்றியில் ஒன்றும் விலாவிற்கு ஒன்றுமாக மூன்று வெண்புள்ளிகள் இளமையில் அதற்கு இயற்கையாய் அமைந்தவை. ஐந்தாம் நாட்காலையில் என் நண்பர் என்னை எழுப்பி, "மூன்று புள்ளி மீனுக்கு நான்காவது புள்ளி வந்துவிட்டது" என்றார். சென்று பார்த்தேன். துடுப்பின் ஓரத்தில் உப்புப் பரல் அளவினதாய் ஒரு புள்ளி. மாலைக்குள் அம்மீன்மேல் ஒன்பது எண்ணினோம். வண்ணாத்தி மீனின் மஞ்சள் உடலில் எண்ணவே இயலவில்லை. அது குழாயின்மேல் உடலை உரைத்து உரைத்து நீந்திற்று. அதன் செவுள்கள் விரைந்து விரைந்து அடித்தன.

எம் விலங்கியல் ஆசிரியர் உடனே மருந்தொன்றும் இடவில்லை. "முதலில் பகைவன் யாவன் என்று அறிவோம்" என்று கூறி, மீனின் துடுப்பிலிருந்து சிறிது கோழையை எடுத்து உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்தார். என்னையும் நோக்கச் செய்தார். உருண்டையான ஓருயிர், உடல் முழுதும் நுண்மயிர் அசைய, உரலிற் குழவிபோல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் கரு நான்கு மணிகள் கோத்தாற்போல் இருந்தது. அவ்வடையாளம் கொண்டே இது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி எனத் தெளிந்தார். நன்னீர் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் வேறோர் உயிர் உண்டு. அதன் கரு குதிரை லாடம்போல் வளைந்திருக்கும். இரண்டும் தோற்றத்தில் ஒத்தன. ஆனால் நெருங்கிய உறவினவல்ல. கடல் மீன்களிடத்து இவ்வுயிரை ஜப்பானியராகிய சிகாமா என்பவர் 1930-களில் விரித்துரைத்தார். இன்று வழங்கும் பெயரை 1951-இல் இலண்டனில் பிரௌன் என்பவர் இட்டார்.

இவ்வுயிரின் வாழ்க்கை முறையை அறிந்தாலன்றி மருத்துவம் விளங்காது. மீனின் தோலுக்கடியிற் புகுந்து, அதன் உடற்சாற்றையும் தசையணுக்களையும் உண்டு, மூன்று முதல் ஏழு நாட்களிற் கொழுக்கின்றது; அந்நிலையில்தான் நாம் அதனை வெண்புள்ளியாகக் காண்கின்றோம். பின்னர்த் தானே மீனை விட்டு நீங்கி அடியில் வீழ்ந்து, தன்னைச் சுற்றிக் கடினமான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்கின்றது. அக்கூட்டினுள்ளே ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிந்து, இருநூறு வரை பெருகுகின்றது. கூடு உடைந்ததும் அத்தனையும் புறப்பட்டு மீனைத் தேடும். ஓரிரு நாளில் மீன் கிடையாவிடின் மாளும். கூடு உடைதற்குப் பெரும்பாலும் மூன்று நாள் முதல் நான்கு வாரம் வரை ஆகும். 72 நாள் சென்று உடைந்ததும் உண்டென நூலோர் குறித்துள்ளனர். மீனை விட்டு இறங்குவதும், கூட்டினின்று புறப்படுவதும் இருளிலேயே நிகழ்வன. மீன்கள் அடித்தளத்தருகே அசையாது உறங்கும் விடியற்கு முந்திய நேரமே இவற்றிற்கு உகந்த காலம். திருடன் வரும் வேளையைப் பற்றி வேதத்தில் நாம் படித்ததே நினைவிற்கு வந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். புள்ளிகள் மறைவது நோய் நீங்கியதன் அடையாளமன்று. கொழுத்த ஒட்டுண்ணி, மருந்திட்டாலும் இடாவிட்டாலும், தன் காலம் வந்தபோது இறங்கிப்போகும். அப்போது மீன் மாசற்றதாய்த் தோன்றும், உரிமையாளர் உள்ளங்களிப்பர். அந்நாளில் அடித்தளத்தில் எத்தனை கூடுகளில் எத்தனை இருநூறுகள் பெருகுகின்றன என்பதை எவரும் காணார். முன்னாண்டில் 12 மீன்கள் மாண்டதும் இவ்வாறே: முதலிற் தோன்றிய புள்ளிகள் நான்காம் நாள் மறைந்தன, ஒரு வாரத்தில் ஒன்று நூறாய்த் திரும்பின.

மருந்துகள் இரண்டு ஆராயப்பட்டன. ஒன்று தாமிரம். அது அளவிற் சிறிது குறைந்தாற் பயனில்லை. சிறிது மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. நாள்தோறும் அதன் அளவை நுட்பமாகக் காணும் கருவி எங்களிடம் இல்லை. மற்றொன்று உவர்ப்பைத் தணித்தல். கடல் நீர் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 35 பங்கு உப்புடையது. அதனை 12 பங்கு அளவிற்குக் கொணர்ந்து பல வாரம் நிறுத்திவைப்பின், மேற்கூறிய கூடுகள் தம் தொழில் முடியாமல் அழியும். இம்முறையை ஆராய்ந்தவருள் முக்கியமானவர் கொலோர்னி என்பவர். செங்கடற் கரையிலுள்ள ஏலாத் நகரின் மீன் வளர்ப்பு நிலையத்தில், வளர்ப்பு மீன்களுக்கு மூன்று நாளைக்கொருமுறை மும்மூன்று மணி நேரமாக நான்கு தடவை, ஏறத்தாழ 10 பங்கு உப்புடைய நீரைப் பாய்ச்சி நோயை நீக்கியதை அவர் 1985-இல் வெளியிட்டார். ஏலோத்துக்குச் சமீபமான எசியோன்கேபேரிலே சாலொமோன் அரசன் கப்பல்கள் செய்வித்த வரலாற்றை நம்மவர் அறிவர்; அப்பழைய பெயரையே அந்நகரம் தாங்கி நிற்கிறது. பெரும் பண்ணைகளில் அங்ஙனம் சில மணி நேரம் நீரை மாற்றுவது எளிதாகலாம். சிறு தொட்டியில் வாழும் பவள மீன்களுக்கோ உவர்ப்பை ஒருமுறை இறக்கி அவ்வண்ணமே நிறுத்துவதே தொல்லை குறைந்தது என்றார் ஆசிரியர்.

"மீன் பொறுக்குமா?" என்பதே என் ஐயம். ஆசிரியர் அளித்த விடை இன்றும் என் உள்ளத்தில் நிற்கின்றது. எலும்புடைய கடல் மீனின் குருதியிலுள்ள உப்பு, கடலின் உப்பில் மூன்றிலொரு பங்கே. ஆதலால் கடல் அதன் உடலிலுள்ள நீரை ஓயாது வெளியே இழுக்கின்றது. நீரின் நடுவே வாழ்ந்தும் அது என்றும் தாகமுற்ற உயிர். இழந்ததை ஈடுசெய்யக் கடல் நீரையே பருகுகின்றது. அதனோடு புகும் உப்பைச் செவுள்களின் வழியே பாடுபட்டு வெளியேற்றுகின்றது. மீன் கடல் நீரைக் குடிக்கின்றது என்பதை 1930-இல் ஹோமர் ஸ்மித் என்பவர் நிறுவினார். செவுளில் உப்பை வெளியேற்றும் தனி அணுக்கள் உளவென்பதை 1932-இல் கீஸ், வில்மர் என்னும் இருவர் விலாங்கு மீனிடம் கண்டனர். ஆகவே நீரின் உப்பை 12 பங்கிற்கு இறக்கினால், அது மீனின் குருதியோடு ஏறக்குறைய ஒத்ததாகின்றது. வாழ்நாளெல்லாம் சுமந்த பாரத்தை நோய்க்காலத்தில் ஒருவர் இறக்கி வைத்தாற்போலாம். ஒட்டுண்ணி துளைத்த புண்களின் வழியே நீர் கசிந்து போவதும் அப்போது குறையும். ஒட்டுண்ணிக்கோ இவ்வித்தை தெரியாது. மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை அது மீனின் உடற்சாற்றிலே பாதுகாப்பாய் உள்ளது. வெளியே வந்து கூடு கட்டியபின், நன்னீர் உட்புகத் தாங்காமற் கெடுகின்றது. ஆதலின் இம்மருந்து மீன்மேல் உள்ள பகைவனைத் தொடுவதில்லை. அவன் இறங்கி வரும் நாளுக்காகக் கீழே காத்திருக்கின்றது.

தமிழில் நீரின் சுவைக்குத்தான் எத்தனை சொற்கள்! நன்னீர், உவர்நீர், சவர்நீர் என்று நாவினால் அளந்து பெயரிட்டோர் நம் முன்னோர். கடலும் ஆறும் கலக்கும் கழியையும், அதில் இருபுறமும் வாழும் மடவை மீனையும் நெய்தல் நிலத்தார் நன்கறிவர். எங்கள் ஊர்க் கிணறுகள் பலவற்றின் நீர் சவர். குடிநீரைக் குடமொன்றுக்கு விலை கொடுத்து வாங்கும் தெருக்கள் இன்றும் உள. கடல் மீனுக்காக நன்னீரைக் குடங்குடமாய் ஊற்றும்போது என் தாயார் காணின் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

உவர்ப்பை இறக்கியது இரண்டு நாட்களில். கணக்கு என்னுடையது. 100 லிட்டரில் 30 லிட்டரை எடுத்துவிட்டு அவ்வளவு நன்னீர் ஊற்றினால், 35 பங்கு உப்பு 24½ ஆகும். மீண்டும் ஒருமுறை செய்தால் 17. மூன்றாம் முறை 12. முதல் நாட்காலை ஒருமுறை, மறுநாட்காலை ஒருமுறை, மூன்றாம் நாட்காலை ஒருமுறை என இதனைச் செய்தோம். ஒவ்வொரு முறையும் மெல்லிய குழாயின் வழியே நான்கைந்து மணி நேரம் சொட்டவிட்டோம். நம் குழாயில் வரும் தாமிரபரணி நீரில் குளோரின் கலந்திருத்தலால், அதனைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் முழுதும் காற்றடித்து வைத்த பின்னரே பயன்படுத்தினோம். இரண்டாம் நாள் இரவில் வண்ணாத்தி மீன் மாண்டது. அதன் செவுள்கள் முன்னரே பெரிதும் கேடுற்றிருந்தன என்பதை மறுநாள் அறுத்துப் பார்த்து அறிந்தார் ஆசிரியர். மற்ற ஆறும் அன்று மாலையே இறால் துண்டுகளை உண்டன.

அளக்கும் கருவியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். எங்கள் உப்பளத்தில் வழங்கும் கண்ணாடி மிதவை போமே அளவினது. கடல் நீர் அதில் 3½ பாகை அளவில் நிற்கும். பாத்திகளிற் காய்ந்து காய்ந்து 25 பாகையை எட்டும்போது உப்புப் பூக்கும். அம்மிதவை எங்கள் தொட்டிக்குப் பயன்படவில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றேகால் பாகை. அதனை அம்மிதவையில் கண்கொண்டு நுட்பமாய்ப் படிக்கவியலாது. ஒப்படர்த்தி 1.009 என்னும் கோட்டைத் தெளிவாய்க் காட்டும் மெல்லிய மிதவை ஒன்றும், ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றும் கூடத்தில் இருந்தன. ஆனால் மிதவையைக் கையாளும் முறையை என் தந்தையாரிடமே கற்றிருந்தேன்: முதலில் நன்னீரிற் கழுவித் துடைக்கவேண்டும், நீரில் விட்டவுடன் விரலாற் சுழற்றவேண்டும், ஒட்டிய காற்றுக் குமிழிகள் நீங்கிய பின்னரே படிக்கவேண்டும். குமிழி ஒட்டிய மிதவை தூக்கி நிற்கும். நீர் உள்ளதைவிட உப்பு மிகுந்ததாகக் காட்டும். அதனை நம்பி மேலும் நன்னீர் ஊற்றுவோர் மீனைக் கொல்வர். உப்பளத்தில் அப்பிழையால் விளைச்சல் குறையும். இங்கு உயிர் போகும்.

ஏழாம் நாள் இறுதிப் புள்ளியும் மறைந்தது. மூன்று புள்ளி மீன்களுக்கு மூன்றே புள்ளிகள். கூடத்திற்கு வந்த மாணவர் சிலர், "குணமாகிவிட்டதே, இனி ஏன் இந்தச் சிறை?" என்று கேட்கலாயினர். கல்லூரி விழா அணுகிக்கொண்டிருந்தமையின், பெருந்தொட்டியில் அவற்றை விட்டுக் காட்டினால் அழகாயிருக்கும் என்று கூறினோரும் உண்டு. என் நண்பருக்கே மனம் சற்றுச் சலித்தது. "நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிற்காக இன்னும் முப்பது நாளா?" என்றார். ஆசிரியர் நாட்காட்டியில் ஏழாம் நாளுக்குச் செம்மையால் வட்டமிட்டு, "இன்றுதான் ஒன்று" என்றார். அந்நாள்முதல் 30 நாட்கள் 12 பங்கிலேயே நீர் நிற்கவேண்டும் என்பது அவர் கட்டளை. இம்மருத்துவத்தில் தோல்வியுறுவோர் பலர் தோற்பது இந்நாளிலேதான் என்று யான் கருதுகிறேன். நோயின் கொடுமையால் அன்று, நலத்தின் தோற்றத்தால்.

பத்தாம் நாள் ஒரு துன்பம் நேர்ந்தது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை உண்டு மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சில் வாழ்கின்றன. கடல் நீரில் வளர்ந்த அவையும் இப்புது நீரில் தளர்ந்துபோயின. சோதனைக் குழாயில் மஞ்சளாய் நிற்கவேண்டிய நீர் பச்சையாயிற்று. சிறிய கோமாளி மீன் மேற்பரப்பில் நின்று வாய் திறந்து திறந்து மூடிற்று. மீன் நோயினின்று தப்பித் தன் கழிவினாலேயே மாளுமோ என்று அஞ்சினோம். ஒரு பங்கு கடல் நீருக்கு இரு பங்கு நன்னீர் கலந்தால் ஏறக்குறைய 12 பங்கு உப்பாகும். அக்கலவையை அன்றிரவே 40 லிட்டர் ஆயத்தம் செய்து மாற்றினோம். மறுநாள் காலையும் அவ்வாறே செய்தோம். உப்புக் குறைந்த நீருக்குப் புளிப்பை எதிர்த்து நிற்கும் ஆற்றலும் குறைவு. ஆகவே நாளடைவில் நீர் புளிக்கத் தொடங்கும். அதற்கு மருந்து வீட்டு அடுக்களையில் உள்ள ஆப்பசோடாவே. ஆயின் அம்மோனியா மிகுந்திருக்கும்போது சோடாவை இட்டால் அந்நஞ்சின் கொடுமை கூடும். ஆதலின் முதலில் நீர் மாற்றம், பின்னரே சோடா. கோமாளி மீன் மறுநாள் மாலைவரை உண்ணவில்லை. அன்றிரவு யாங்கள் இருவரும் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். பன்னிரண்டாம் நாட்காலையில் அது கீழிறங்கித் தன் குழாயின் வாயிலிற் பழையபடி நின்றது.

எனக்கு உண்மையான பணி கொடுத்தது வெயில். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எங்கள் ஊர்த் தொழில் முழுதும் நிற்பது இவ்வொரு விதியின்மேலே. பங்குனி வெயிலைக் கண்டு உப்பளத்தார் மகிழ்வர். எங்களுக்கோ அதுவே பகை. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீர் தொட்டியினின்று மறைந்தது. ஒரு வாரம் கவனியாதிருந்தால் 12 பங்கு 13-ஐத் தாண்டும். மூன்று வாரம் விட்டால் 17. அவ்வளவில் ஒட்டுண்ணி மீண்டும் பிழைத்தெழும். முன் நாட்களின் உழைப்பெல்லாம் வீணாகும். ஆதலின் கண்ணாடியில் மையாற் கோடிட்டு, காலையும் மாலையும் அக்கோட்டளவிற்கு நன்னீர் ஊற்றினேன். ஈஸ்டர் விடுமுறையில் என் நண்பர் தம் தாயாரின் உடல் நலிவு கேட்டு ஊர் சென்றார். விடுதியில் மூவரே எஞ்சினோம். பெரிய வெள்ளியன்று நீண்ட ஆராதனை முடிந்து பிற்பகல் வந்து பார்த்தபோது நீர் கோட்டிற்கு இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. அன்று காற்றும் வெப்பமும் அத்தகையன. ஊற்றி அளந்து ஏட்டிற் குறித்தேன். அவ்வேட்டில் என் கையெழுத்திலேயே தொடர்ந்து பதினோரு பதிவுகள் உள.

இம்முறையை எல்லா இடத்தும் ஆளலாகாது என்பதையும் கூறியாகவேண்டும். பவளம், இறால், நண்டு, நட்சத்திர மீன் முதலியவை உவர்ப்புக் குறைந்த நீரில் மாளும். சுறாவும் திருக்கையும் உப்பை வேறு வகையில் ஆள்வன, அவற்றிற்கும் இது ஆகாது. ஆதலின் மீன்களை மட்டும் தனித்தொட்டியில் வைத்தே செய்யவேண்டும். வெல்வெட் நோய் எனப்படும் வேறொரு நோயின் உயிரி இதனினும் மிகக் குறைந்த உப்பிலும் வாழ வல்லது. அதன் தூள் போன்ற புள்ளிகளைக் கண்டு கிரிப்டோகேரியான் என மயங்கி உவர்ப்பைத் தணிப்போர் காலத்தை இழப்பர். ஆசிரியர் முதலில் உருப்பெருக்குக் கண்ணாடியை நாடியது இதனாலேதான். கிரிப்டோகேரியானிலும் தாழ்ந்த உவர்ப்பிற்குப் பழகிய குலங்கள் உள. தைவானில் ஆயிரத்திற்கு 5 பங்கே உப்புடைய நீரில் அது மீன்களைத் தாக்கியதை 2003-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். எங்களுக்கு வந்தது அக்குலமன்று என்பது நாட்கள் சென்றே தெளிவாயிற்று. அத்தெளிவு வருமுன் ஒவ்வொரு விடியலிலும் என் நண்பர் கைவிளக்கோடு சென்று புள்ளி எண்ணியதை யான் கண்டிருக்கிறேன்.

முப்பத்தேழாம் நாள் உவர்ப்பை ஏற்றத் தொடங்கினோம். இறக்குவதற்கு இரண்டு நாள் போதுமாயிற்று. ஏற்றுவதற்கு ஏழு நாள் கொண்டோம். சும்மாயிருந்த செவுளணுக்கள் பழைய பாரத்தை மீண்டும் தூக்க வலுப்பெறுதல் மெல்லவே நிகழும். விரைந்து ஏற்றினால் மீன் வற்றிப்போகும். நாளொன்றுக்கு மூன்று பங்கிற்குச் சற்று மேலாக, தூத்துக்குடியிலிருந்து பீப்பாயிற் கொணர்ந்த கடல் நீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டோம். இறக்கும் நாட்களிற் கண்டிராத ஒரு வேற்றுமையை இப்போது கண்டேன். பிறைவால் மீன் ஓரிரு நாள் நீந்துதல் குறைந்து குழாயினுள்ளே ஒதுங்கியிருந்தது. நான்காம் நாள் தெளிந்தது.

நாற்பத்து நான்காம் நாள் நீர் கடலோடு ஒத்தது. ஆறு மீன்களையும் கண்ணாடிக் குவளையில் ஒவ்வொன்றாய் ஏந்தித் தாழ்வாரத்துப் பெருந்தொட்டியில் விட்டோம். கல்லூரி விழா அதற்கு இரண்டு வாரம் முன்னரே முடிந்துபோயிற்று. விழா நாளில் அத்தொட்டியில் நத்தைகளே இருந்தன. இப்போது சென்று காண்பவர் மூன்று புள்ளி மீன்களின் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். யான் இன்னும் எண்ணுகிறேன். ஒதுக்குத் தொட்டியைக் கழுவிக் காயவைத்து, மையாலிட்ட கோட்டை மட்டும் அழியாமல் விட்டிருக்கிறோம். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவிலிருந்து நான்கு மீன்கள் வரவிருக்கின்றன.